கட்டை விரல் முன்கையைத் தொடுகிறது, இரவில் மூட்டு வலிக்கிறது: மகளை யோகாவில் தொடரவிடலாமா?

வாசகியின் கேள்வி, 2024 பிப்ரவரி 4

மேலூரில் இருக்கிறோம். என் மகளுக்கு 13 வயது. சிறு வயதிலிருந்தே கையையும் காலையும் எப்படி வேண்டுமானாலும் வளைப்பாள். யோகாசனப் போட்டியில் கோப்பை வாங்கியிருக்கிறாள். ஆறு மாதமாக இரவில் முழங்கால் வலி, கணுக்கால் வலி என்று அழுகிறாள். இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை என்கிறார்கள். வளர்கிற வயதில் வரும் வலிதான், யோகாவை இன்னும் கூட்டினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். கூட்டலாமா? வேறு யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா?

இன்னொரு வாசகியின் பதில், பிப்ரவரி 4, இரவு

கூட்ட வேண்டாம். முதலில் இதை மட்டும் எழுதிவிடுகிறேன். மற்றது நாளை.

பிப்ரவரி 5

எனக்கு 44 வயது. திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள், இப்போது மதுரையில் கணித ஆசிரியை. எங்கள் ஊரில் விடுமுறை என்றால் பிள்ளைகள் எல்லாரும் பூக் கட்டுவோம். நான் கட்டும்போது கட்டை விரல் நுனி பின்பக்கமாக மடிந்து நாரை அழுத்திக்கொள்ளும். மற்றவர்கள் ஒரு முழம் முடிப்பதற்குள் எனக்கு ஒன்றரை முழம் முடிந்துவிடும். "இவள் விரலில் எலும்பே கிடையாது" என்று அப்பத்தா வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்வார். விருந்தாளி வந்தால் கட்டை விரலை மடக்கி முன்கையில் ஒட்டிக் காட்ட வேண்டும், காசு கிடைக்கும். நான் வாங்கிய முதல் பாராட்டு அதுதான். அதனால் உங்கள் மகளின் கோப்பை எனக்கு நன்றாகப் புரிகிறது.

19 வயதில் டவுன் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நின்றிருந்தேன். பெரியார் நிலையத்துக்குள் திரும்பும்போது ஓட்டுநர் பிரேக் போட்டார், தோள்பட்டை இறங்கிவிட்டது. ஊரில் கட்டுப் போடுகிறவர் இழுத்து ஏற்றிவிட்டு, உளுந்து மாவும் முட்டையின் வெள்ளைக் கருவும் குழைத்துக் கட்டினார். அதன் பிறகு துணி உலர்த்தக் கையைத் தூக்கினாலே தோள் நழுவும். 26 வயதில் முதல் பிரசவத்துக்குப் பின் இடுப்புப் பூட்டு. 30-க்கு மேல் விரல்கள், கழுத்து, கணுக்கால். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு மருத்துவரைப் பார்த்தேன், ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு பெயர் சொன்னார்கள். ஒருவர் என் கணவரைப் பார்த்து, "இவருக்கு மனக்கவலை அதிகம், கொஞ்சம் வெளியே அழைத்துப் போங்கள்" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

38 வயதில்தான் ஒரு மூட்டு வாத நிபுணர் என் சுண்டு விரலை மெல்லப் பின்னால் தள்ளிப் பார்த்தார். பிறகு கட்டை விரல், முழங்கை, முழங்கால். கடைசியாக, முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைக்கச் சொன்னார். இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும். இதற்குப் பெய்ட்டன் மதிப்பெண் என்று பெயர், மொத்தம் 9. சுண்டு விரல் 90 பாகைக்கு மேல் பின்னால் போனால் ஒரு கைக்கு ஒன்று, கட்டை விரல் முன்கையைத் தொட்டால் கைக்கு ஒன்று, முழங்கையும் முழங்காலும் நேர்கோட்டைத் தாண்டி 10 பாகைக்கு மேல் பின்னால் வளைந்தால் பக்கத்துக்கு ஒன்று, உள்ளங்கை தரையில் படிந்தால் ஒன்று. எனக்கு 8. 4 இருந்தாலே மூட்டுகள் மிகையாக நெகிழ்கின்றன என்று பொருள்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நார் தளர்ந்த மல்லிகைச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பூவில் ஒரு குறையும் இருக்காது. கண்ணி இறுகாததால் தூக்கும்போதெல்லாம் பூ நழுவும். எக்ஸ்ரே பூவைத்தான் காட்டும். எலும்பையும் எலும்பையும் பிணைத்து வைத்திருக்கும் நாரின் தளர்ச்சி அதில் தெரியாது. அந்த நார் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. அதன் பின்னல் நம் போன்றவர்களுக்குப் பிறவியிலேயே இளகலாக இருக்கிறது. நார் செய்ய வேண்டிய வேலையைத் தசை செய்கிறது, நாள் முழுக்கச் செய்கிறது. இரவில் உங்கள் மகள் அழுவது அந்தக் களைப்புக்காகவும் இருக்கலாம்.

பிப்ரவரி 7

மேலே ஒரு பிழை. 4 என்று எழுதியது பழைய கணக்கு. 2017-இல் உலக அளவில் அளவுகோல்களைத் திருத்தினார்கள். பருவம் எய்தாத பிள்ளைகளுக்கு 6, பருவம் எய்தியவர்கள் முதல் 50 வயது வரை 5, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 4. வயது ஏற ஏற எல்லாருடைய மூட்டும் இறுகும், அதனால்தான் இந்த வேறுபாடு. கணக்கு சொல்லிக்கொடுப்பவள் எண்ணில் பிழை விட்டதற்கு வருந்துகிறேன்.

அதைவிட முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். மதிப்பெண் கூடுதலாக இருப்பது நோய் ஆகாது. எத்தனையோ பிள்ளைகள் 9-க்கு 9 வாங்கிக்கொண்டு ஒரு வலியும் இல்லாமல் ஓடியாடுகிறார்கள். அவர்களுக்கு மருத்துவமே தேவையில்லை. வலி, மூட்டு நழுவுதல், ஓயாத களைப்பு இவையும் சேரும்போதுதான் பார்க்க வேண்டும். இந்த நெகிழ்வோடு வரும் பிறவி நோய்களின் ஒரு தொகுதிக்கு ஏலர்ஸ்-டான்லோஸ் என்று பெயர். அதில் 13 வகைகளை 2017-இல் பிரித்து எழுதினார்கள். மிகை நெகிழ்வு வகை ஒன்றுக்கு மட்டும் இன்னும் மரபணு கண்டுபிடிக்கப்படவில்லை. அதனால் அதை இரத்தப் பரிசோதனையால் உறுதிசெய்ய முடியாது, தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பிள்ளை வயதுக்கு மீறிய உயரமா, விரல்கள் மிக நீளமா, கண்ணில் கோளாறு உண்டா, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் இரத்தக் குழாய் வெடித்து இறந்தார்களா என்று மருத்துவர் கேட்பார். அதில் ஏதாவது உண்டென்றால் இதயத்துக்கு எக்கோ எடுத்துப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். அவை மார்ஃபான் போன்ற வேறு நோய்களின் அடையாளங்களாக இருக்கலாம்.

பிப்ரவரி 12

நாட்டியம் சொல்லிக்கொடுக்கும் அம்மா ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். யோகாவையும் நாட்டியத்தையும் நான் பழிப்பதாக நினைக்கிறார். ஒரு வார்த்தையில் "கூட்ட வேண்டாம்" என்று எழுதிவிட்டுப் போனது என் தவறுதான். விரித்துச் சொல்கிறேன்.

நம் மூட்டுக்கு எல்லை எங்கே என்று தெரியாது. மற்றவர்களுக்குக் குனியும்போது ஓரிடத்தில் தொடை நரம்பு இழுக்கும், நிறுத்திக்கொள்வார்கள். நமக்கு அந்த இழுப்பு மிகத் தாமதமாகத்தான் வரும், சில சமயம் வராது. கை கால் இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் நமக்கு மங்கல். வாசல் நிலையில் தோளை இடித்துக்கொள்வதும் சமதளத்தில் கணுக்கால் பிசகுவதும் இதனால்தான். இந்த உடம்பை "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கடைசி எல்லை வரை வளைக்கச் சொல்வதுதான் கெடுதல். அதே யோகாவில் வீரபத்ராசனத்தை முழங்கால் பின்னால் போகாமல், பாதி ஆழத்தில், தசையை இறுக்கி நின்று செய்தால் நல்லது. நாட்டியத்தின் அரைமண்டியும் அப்படித்தான், தொடைக்கு அருமையான பலம் தரும். ஆனால் வளைவுக்குக் கைதட்டுகிற மேடை வேண்டாம். ஆசிரியரிடம் சொல்லுங்கள்: இந்தப் பிள்ளைக்கு நீட்டுவது தானாக வருகிறது, நிறுத்துவதைச் சொல்லிக்கொடுங்கள்.

அந்த அம்மா மறுபடி எழுதினார். தம் வகுப்பில் மிக நன்றாக வளைகிற இரண்டு பிள்ளைகள்தான் அடிக்கடி கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார்களாம். இனிக் கவனிப்பதாகச் சொல்லியிருக்கிறார். மனம் நிறைந்தது.

பிப்ரவரி 13

நிற்கும்போது மகளைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். முழங்கால் பின்பக்கமாக வில் போல வளைந்திருந்தால் அவள் தசையால் நிற்கவில்லை, மூட்டைப் பூட்டி அதன் மேல் சாய்ந்து நிற்கிறாள். ஒரு அங்குலம் முன்னால் தளர்த்தச் சொல்லுங்கள். எனக்கு அது பழகவே ஓராண்டு ஆனது.

மார்ச் 3

"வலி என்றால் ஓய்வு எடுக்க வேண்டாமா" என்று உசிலம்பட்டியிலிருந்து ஒருவர் கேட்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2018-இல் மருத்துவ விடுப்பு போட்டுவிட்டு மூன்று மாதம் படுத்தேன். அம்மா வந்து சமைத்தார். குடம் தூக்கவில்லை, அரிவாள்மனையில் உட்காரவில்லை. மூன்றாம் மாத முடிவில் குளியலறைக்குப் போய்வரவே கால் நடுங்கியது. என் மூட்டைத் தாங்கிக்கொண்டிருந்த ஒரே ஆதாரம் தசை. அதையும் நானே கரைத்துவிட்டேன் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னபோதுதான் புரிந்தது.

அவர் கொடுத்த முதல் பயிற்சியைப் பார்த்து எனக்கு ஏமாற்றமாக இருந்தது. காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும். பத்து முறை. அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு வேறு எதுவும் கூடாது என்றார். பிறகு சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. பிறகு மல்லாந்து படுத்து இடுப்பை ஒரு சாண் தூக்குவது. பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. பயிற்சியை வாரத்துக்கு வாரம் கூட்டினால் எனக்கு வலி அதிகமாகி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன். மாதக் கணக்கில் மெல்லக் கூட்டியபோதுதான் பயிற்சி நிலைத்தது. தோள்பட்டை கடைசியாக முழுதாக இறங்கியது 2020-இல்.

வலி போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. இன்றும் இருக்கிறது. ஆனால் முன்பு வலி நாளைத் தீர்மானித்தது, இப்போது பெரும்பாலான நாள்களில் நான் தீர்மானிக்கிறேன்.

மார்ச் 4

நேற்று எழுதியதில் கடைசி வரியைத் திருத்துகிறேன். மாதவிலக்குக்கு முந்தைய நான்கைந்து நாள்களில் அது பொருந்தாது. அந்த நாள்களில் மூட்டுகள் இன்னும் தளர்கின்றன, வலியும் கூடுகிறது. இதே நிலை உள்ள பல பெண்கள் இதைச் சொல்கிறார்கள். உங்கள் மகளுக்கும் வலி வரும் நாள்களை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

மார்ச் 17

வேலை செய்தால் விரல் வலிக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்ட தையல்காரருக்கு.

எனக்குச் சுண்ணாம்புக்கட்டி பிடிக்கும் விரலின் நடு மூட்டு பின்னால் மடியும். விடைத்தாள் திருத்தும் நாள்களில் இரவு சோற்றைப் பிசைய முடியாது. பிசியோதெரபிஸ்ட் ஒரு தாளில் எட்டு போல ஒரு வளையம் வரைந்து கொடுத்தார். விரல் முன்னால் மடங்கலாம், பின்னால் போக முடியாதபடி அது தடுக்கும். வெளிநாட்டில் செய்து விற்கிறார்கள் என்றார், விலை கேட்டுக் கைவிட்டேன். பிறகு தெற்கு ஆவணி மூல வீதியில் எங்கள் குடும்பத்துக்கு மெட்டி செய்கிற ஆசாரியிடம் அந்தத் தாளைக் காட்டினேன். நூலை வைத்து விரலை இரண்டு இடத்தில் அளந்தார். "வெள்ளியில் செய்து தருகிறேன், தங்கம் வளைந்துவிடும்" என்றார். முதலில் செய்தது இறுக்கம், மாலையில் விரல் நீலம் பாரித்தது. திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது பொருந்தியது. பார்க்கிறவர்கள் நகை என்று நினைக்கிறார்கள். நான்கு ஆண்டாகப் போட்டிருக்கிறேன்.

உங்களுக்குச் செய்யும்போது காலையிலும் மாலையிலும் ஒருமுறை அளந்து பாருங்கள், விரல் மாலையில் சற்று வீங்கும். நாள் முழுவதும் போடாதீர்கள், வேலை செய்யும்போது போதும். கத்தரிக்கோலின் கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். நான் பேனாவில் சைக்கிள் டியூப் வெட்டி மாட்டியிருக்கிறேன். ஒல்லியான பொருளை இறுக்கிப் பிடிப்பதுதான் நம் விரலுக்குப் பகை.

ஏப்ரல் 20

நேற்று வாக்குச்சாவடிப் பணி. முந்தைய நாளே போய்ப் பெட்டிகளை வாங்கி, இரவு பள்ளி பெஞ்சில் படுத்து, காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை உட்கார்ந்து, அதன் பின் முத்திரை வைத்து எல்லாம் முடிய நள்ளிரவு. விலக்குக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, போக ஆசைப்பட்டேன். இன்று கழுத்தைத் திருப்ப முடியவில்லை, வெந்நீர் ஒத்தடத்தோடு படுத்தபடி எழுதுகிறேன்.

ஆனாலும் இந்த முறை முன்னேற்பாடு செய்திருந்தேன். பணிக்கு முந்தைய இரண்டு நாளும் பிந்தைய இரண்டு நாளும் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளவில்லை. முன்பெல்லாம் உடம்பு நன்றாக இருக்கிற நாளில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பது போல வீட்டையே புரட்டிவிடுவேன், அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க மாட்டேன். நல்ல நாளில் குறைத்துச் செய்வது கெட்ட நாளில் பல்லைக் கடிப்பதைவிடக் கடினம். எனக்கு இன்னும் முழுதாகக் கைவரவில்லை. வீட்டில் அடுப்புக் கடிகாரத்தில் இருபது நிமிடம் வைத்துக்கொள்கிறேன். மணி அடித்தால் பாதிக் கோலத்தில் இருந்தாலும் எழுந்துவிடுவேன்.

ஏப்ரல் 24

ஒத்தடத்தைப் பற்றி எழுதியதும் மூன்று பேர் சுளுக்கு நீவுகிறவர்களின் முகவரி கேட்டிருக்கிறார்கள். தரமாட்டேன். மெல்லத் தேய்த்துவிடுவதும் நொச்சி இலை ஒத்தடமும் இதமானவை, எனக்கும் பிடிக்கும். அழுத்தி நீவுவதும், மூட்டைச் சடக்கென்று இழுப்பதும், முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருகி நெட்டி முறிப்பதும் தளர்ந்த மூட்டுக்கு ஆபத்து. கழுத்தில் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இருக்கின்றன. தயவுசெய்து யாரையும் அங்கே கை வைக்க விடாதீர்கள்.

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். சிறு வயதில் அப்பத்தா தோளில் இருந்து பார்த்தவள், கூட்டத்தில் நின்று பார்க்க ஏக்கமாகத்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் தொலைக்காட்சியில் கும்பிட்டுக்கொள்கிறேன். நெரிசலில் ஒருவர் கையைப் பிடித்து இழுத்தால் போதும்.

மே 9

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. மகளுக்குக் காலையில் எழுந்ததும் கண் இருட்டுகிறது என்று மேலூர் அம்மா எழுதியிருக்கிறார். இதுவும் இந்த நெகிழ்வோடு பலருக்குச் சேர்ந்தே வருகிறது. படுத்திருந்து எழுந்தால் இரத்தம் காலில் தேங்குகிறது, இதயம் படபடவென்று அடித்து அதை ஈடுகட்டப் பார்க்கிறது. எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடித் துடிப்பு முன்பு இருந்ததைவிட நிமிடத்துக்கு 30-க்கு மேல் கூடி, அப்படியே நீடித்து, இரத்த அழுத்தம் விழாமலும் இருந்தால் அதைப் பாட்ஸ் என்கிறார்கள். 12 முதல் 19 வயதுவரை 40 கூட வேண்டும். படுத்தபடி ஒருமுறை, நின்று சில நிமிடம் கழித்து ஒருமுறை நாடியை எண்ணி எழுதிக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எனக்கு உதவியது நீராகாரம். பழைய சோற்றுத் தண்ணீரில் நன்றாக உப்புப் போட்டுப் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே ஒரு செம்பு குடிப்பேன். பள்ளியில் உப்பு மோர். எல்லாரும் உப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மே 9, மாலை

மேலே உள்ள கடைசி வரியை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு. அவர் இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் நானும் ஊறுகாய் தின்னலாமா" என்று கேட்டார். கூடாது. இரத்தக் கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்களுக்கு உப்பு தீங்கு. மருத்துவர் உங்கள் அழுத்தத்தை அளந்து சொன்ன பிறகுதான் கூட்ட வேண்டும்.

மே 26

மருந்தைப் பற்றி நான் இதுவரை எழுதாதது வேண்டுமென்றே. ஆனால் மூன்று செய்திகளை மறைப்பது சரியில்லை என்று தோன்றுகிறது.

கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரையை மாதக் கணக்கில் விழுங்கினால் வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும். நான் விழுங்கியிருக்கிறேன், 2016-இல் இரத்த வாந்தி எடுத்த பிறகுதான் நிறுத்தினேன். அடுத்தது, பல் பிடுங்கப் போனால் முன்கூட்டியே சொல்லுங்கள். நம்மில் சிலருக்கு மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிப்பதில்லை, சீக்கிரம் விட்டும் போகிறது. எனக்குப் பாதிப் பல்லில் விட்டது. "இவ்வளவு பயப்படக்கூடாது" என்றார்கள். அது பயம் இல்லை, வலி. இன்னொன்று, சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் தசைநாணைப் பாதிக்கக்கூடியது. ஏலர்ஸ்-டான்லோஸ், மார்ஃபான் உள்ளவர்களுக்குப் பெருந்தமனியிலும் ஆபத்து உண்டு என்று 2018 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் நம் ஊரில் சாதாரணமாக எழுதிக் கொடுக்கிற மருந்து. வேறு மருந்து தர முடியுமா என்று கேட்பதில் குற்றமில்லை.

ஜூன் 16

மேலூரிலிருந்து நல்ல செய்தி. மதுரையில் மருத்துவரைப் பார்த்திருக்கிறார்கள், மதிப்பெண் 7, எக்கோவில் குறை ஒன்றும் இல்லை. துண்டை அழுத்தும் பயிற்சியில்தான் தொடங்கியிருக்கிறாள். போட்டிக்குப் போக முடியாது என்றதும் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். அம்மா, அந்தக் கோபத்தை அடக்கச் சொல்லாதீர்கள். ஊரே மெச்சிய ஒன்றை அவளிடமிருந்து வாங்கியிருக்கிறோம். நீச்சல் பக்கத்தில் கிடைத்தால் விடுங்கள், தண்ணீர் மூட்டின் பாரத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் கையை முழு வீச்சில் சுழற்றும் வேகப் போட்டி இப்போது வேண்டாம்.

ஜூன் 22

பள்ளி திறந்து இரண்டாவது வாரம். ஏழாம் வகுப்பில் ஒரு பெண் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கட்டை விரலை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டு வலிக்குமா என்று கேட்டேன். "இல்லை டீச்சர்." ஓடினால், எழுதினால், இரவில்? எதிலும் இல்லை. போகச் சொல்லிவிட்டேன். வலி இல்லாத பிள்ளைக்கு நான் பயத்தைக் கொடுக்கக்கூடாது.

அன்று மாலை அதை அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு 71 வயது. முப்பது ஆண்டாக "வாதம்" என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொள்கிறார். இப்போது குனிந்தால் கை முழங்காலைத் தாண்டாது, அதனால் அவரைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. வயதானவர்களிடம் இப்போது முடிகிறதா என்று கேட்பதைவிட, எப்போதாவது முடிந்ததா என்றுதான் கேட்க வேண்டும். சின்ன வயதில் உடம்பை வளைத்து மற்றவர்களைச் சிரிக்க வைத்தீர்களா என்று கேட்டேன். கண்மாய்க் கரையில் இரண்டு காலையும் கழுத்துக்குப் பின்னால் போட்டுக்கொண்டு கைகளால் தவளை போல நடப்பாராம். பத்துப் பிள்ளைகள் பின்னால் வருவார்களாம். சொல்லும்போது முகம் மலர்ந்துவிட்டது. பிறகு கட்டை விரலை நீட்டினார். நுனி இன்றும் பின்னால் மடிகிறது. அடிமூட்டு தடித்துக் கோணியிருக்கிறது. அந்தக் கையால்தான் எனக்குப் பூக் கட்டக் கற்றுக்கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை பிசியோதெரபிஸ்ட்டிடம் அழைத்துப் போகிறேன். திரும்பும் வழியில் ஆசாரியையும் பார்க்க வேண்டும். அம்மாவின் விரல் என்னுடையதைவிடத் தடிமன், என் அளவு அவருக்கு உதவாது.